ஒன்பதாவது வளைவு வரை

கழற்றி ஸ்டாண்டில் தூக்கி வைத்த என்ஜின் மறுநாள் காலை ஐந்தரை மணிக்குத் தானாகவே ஓட ஆரம்பித்தபோது, ஆவாரம்பாளையம் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வீடு லேத்தும் சந்துக்குச் சந்து மோட்டார் பட்டறையும் இருக்கிற ஊரில் என்ஜின் ஓடுவதெல்லாம் ஒரு சேதியா என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அந்த என்ஜினுக்குப் பெட்ரோல் டேங்க் கிடையாது, பேட்டரி கிடையாது, கார்புரேட்டருக்கு வருகிற ரப்பர் குழாயின் மறுமுனை வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் விடிந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு மயிலாத்தாள் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டாள்.

சென்னியப்பன் மட்டும் போர்வையை இழுக்கவில்லை. சத்தம் கேட்ட முதல் நொடியிலேயே அது எந்த என்ஜின் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று, ஏனென்றால் அதைக் கழற்றியவர் அவர்தான், அதைச் செய்தவள் அவருக்குப் பக்கத்தில் படுத்திருந்த அவர் பெண்டாட்டி நாகமணி. அவளும் விழித்துக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்து, கொண்டையை முடிந்துகொண்டு, அவரை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் சமையலறைக்குப் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டில் காலை ஐந்தரைக்கு ரேடியோ அப்படித்தான் அலறியது.

கோயமுத்தூர்க்காரனிடம் பெயரைக் கேட்காமல் விட்டாலும் பரவாயில்லை, கிணற்றில் எத்தனை ஹெச்.பி. மோட்டார் என்று கேட்காமல் விட்டால் மனசுக்குள் குறைப்பட்டுக்கொள்வான். ஐந்து ஹெச்.பி. தாராளம் என்று மோட்டார் மாட்டுகிறவரே கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாலும், பக்கத்துத் தோட்டத்தில் ஏழரை ஓடுகிறதென்றால் இவன் பத்து போடுவான். கிணறு அரைமணி நேரத்தில் வற்றி அந்தப் பத்து வெறும் காற்றை இழுத்துக்கொண்டு கிடந்தாலும் பத்து பத்துதான், கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம். சென்னியப்பன் அந்த ஊரில் பிறந்து அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர். அவர் செய்த தப்பை வேறு ஊர்க்காரன் செய்திருப்பானா என்பது சந்தேகம்தான்.

அந்த நாளில் அவரும் நாகமணியும் சேர்ந்து ஒரு கார் கட்டினார்கள். ஸ்கூட்டர் வைத்திருப்பவன் அடுத்ததாக வாங்க முடிகிற விலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்; இரண்டே சீட்டு, இரண்டே கதவு, பின்பக்கம் சரிந்து இறங்குகிற கூரை. பெயர் தும்பி. சட்டமும் ஃபைபர் உடம்பும் சென்னியப்பனுடைய கை, என்ஜின் நாகமணியுடைய கை. அவள் அப்பா சிங்காநல்லூரில் வால்வு அரைக்கும் பட்டறை வைத்திருந்தவர், அவள் பாவாடை கட்டிய காலத்திலிருந்து ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்து எந்த வால்வு இருமுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின் ஒன்றைப் பிரித்துப் போட்டு, நகைக்கடைத் தராசு ஒன்றை வைத்துக்கொண்டு, மூன்று பிஸ்டனும் மூன்று ராடும் குன்றிமணி வித்தியாசம் இல்லாமல் ஒரே எடைக்கு வரும்வரை எட்டு மாசம் உரசி உரசி உட்கார்ந்திருந்தாள். அவர் கதவுக்கு ஒரு கீல் செய்து கொண்டுவந்தால் அதையும் தராசில் வைப்பாள். "இது எதுக்குங்க இத்தனை தடிமன்? காரை என்ன கோட்டைக் கதவுன்னு நெனச்சீங்களா?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் கீலை இழைப்பார். அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல எட்டு மாசம் முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை.

கட்டி முடித்த காரின் எடை ஐந்நூற்று அறுபது கிலோ. ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு நாகமணி ஓட்ட, சென்னியப்பன் பக்கத்தில் உட்கார, தும்பி நீலகிரி மலை ஏறப் புறப்பட்டது. மேட்டுப்பாளையம் வரை நேர் ரோட்டில் அது ஒன்றும் பறக்கவில்லை. கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும்தான் சென்னியப்பனுக்குத் தான் என்ன கட்டியிருக்கிறோம் என்பது புரிந்தது. நாகமணி ஸ்டியரிங்கைச் சுழற்றவே இல்லை, திரும்ப வேண்டும் என்று நினைத்தாள், அது திரும்பிவிட்டது.

"வண்டி நம்மகூடச் சண்டை போடக்கூடாதுங்க," என்றாள் அவள், முகமெல்லாம் சிரிப்பாக. "கூப்பிட்ட கொரலுக்கு வரோணும். வந்துருச்சு பாத்தீங்களா?"

ஒன்பதாவது வளைவு வந்தபோது சென்னியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். விற்பனை உரிமை வாங்க மெட்ராஸிலிருந்து பூபதி என்ற ஆள் எட்டு மணிக்கு வருவதாக இருந்தது.

"போதும் அம்மிணி, திருப்பு. அந்த ஆளு வந்து காத்திருக்கப்போறாரு."

"இன்னும் அஞ்சு வளைவுதானுங்க இருக்குது. மேல காத்து மெலிசு. அங்க போய்ப் பாத்தாத்தான் கார்புரேட்டருக்கு என்ன பண்ணோணும்னு தெரியும்."

"இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

நாகமணி திருப்பினாள். அந்த இன்னொரு நாள் எப்போது வந்தது என்பதுதான் இந்தக் கதை.

பூபதி வந்தார், காரைச் சுற்றி வந்தார், அழகு அழகு என்றார், பிறகு முதல் கேள்வியாக எத்தனை ஹெச்.பி. என்று கேட்டார். நாற்பத்தெட்டு என்று சொல்ல வேண்டும். சென்னியப்பனுக்கு நாக்கு எழவில்லை. நாற்பத்தெட்டு என்ற எண் அவர் வாயில் வந்து நின்றபோது ஊரில் உள்ள அத்தனை கிணறும் அவரைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. "அது இப்ப சும்மா ஓட்டிப் பாக்கறதுக்குப் போட்டதுங்க, பெரிய என்ஜின் ஒன்னு வந்துட்டு இருக்குது, தொண்ணூறு," என்று சொல்லிவிட்டார். நாகமணி அப்போது உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்தாள். சுவர் ஒன்றும் அத்தனை தடிமன் இல்லை.

அடுத்த வாரம் அவள் அக்கா மகளின் சீருக்கு நாலு நாள் காங்கேயம் போனாள். திரும்பி வந்தபோது தும்பியின் முன்மூடியில், தொண்ணூறு ஹெச்.பி. வார்ப்பிரும்பு என்ஜினின் உயரத்துக்கு இடம் விட்டு, கட்டி வந்ததுபோல ஒரு மேடு எழுந்திருந்தது. எண்ணூறு சிசி என்ஜின் ஒரு பழைய டயர் மேல் தரையில் கிடந்தது. சென்னியப்பன் சொல்வதற்கென்று நிறைய எடுத்து வைத்திருந்தார்; எழுபது கிலோதான் கூடுதல், நேர் ரோட்டில் பிய்த்துக்கொண்டு போகிறது, பூபதி நூறு வண்டிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். எதையும் சொல்ல அவள் இடம் கொடுக்கவில்லை. கையிலிருந்த பையை இறக்கி வைத்தாள். "கீழ வெக்காதீங்க, ஈரம் ஏறும்," என்றாள். இரண்டு பேருமாக அதைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டில் வைத்தார்கள். அவள் கை என்ஜின் மேல் பட்டது அதுதான் கடைசி.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அது ஓட ஆரம்பித்தது.

நூறு வண்டி என்றது பதினொன்றில் நின்றது. அந்த எழுபது கிலோவும் மூக்கின் மேல் ஒரு ஆளை ஏற்றி உட்கார வைத்ததுபோல முன்பக்கம் மொத்தமாக உட்கார்ந்திருந்தது, நேர் ரோட்டில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், வளைவு வந்ததும் வண்டி நேராகவே போனது. ஒன்று தென்னந்தோப்புக்குள் போயிற்று, ஒன்று டீக்கடை பெஞ்சு வரை போய் பிஸ்கட் பாட்டிலை உடைத்துவிட்டு நின்றது. புண்ணியத்துக்கு யாருக்கும் அடி படவில்லை. திரும்பாத வண்டி என்று பெயர் வாங்கிய பிறகு அதை யார் தொடுவார்? சென்னியப்பன் பட்டறையில் பம்பு செட்டுக்கு அடித்தட்டு வெல்டு செய்து பிழைப்பை ஓட்டினார். பூபதி என்ன ஆனார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் யாரும் மெனக்கெடவில்லை.

ஆனால் ஸ்டாண்டில் இருந்த என்ஜின் ஒரு நாள் தவறாமல் ஐந்தரைக்கு ஓடியது. முதல் வாரத்தில் அது ஒரே சீராக ஓடவில்லை, ஏறுகிறது, இறங்குகிறது, விக்குகிறது, மறுபடி சீறுகிறது என்று சந்துக்காரர்கள் கொஞ்சம் கவலைப்பட்டார்கள். கடைசி வீட்டில் குப்புராஜ் என்று, ஊட்டி பஸ்ஸில் முப்பது வருஷம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் இருந்தார். அவர் ஒரு நாள் ஸ்டூல் ஒன்றைப் பட்டறை வாசலில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது காரமடை," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மேட்டுப்பாளையம் ரயில்வே கேட்டு. நிக்குது பாருங்க." பிறகு, "கல்லாறு. இப்ப ரெண்டாவது கியரு. மொதல் வளைவு. அடேயப்பா, பிரேக்கே தொடலியே, யாரப்பா ஓட்டறது?"

யாரும் ஓட்டவில்லை, ஆனாலும் என்ஜின் போய்க்கொண்டுதான் இருந்தது. சைலன்ஸர் குழாய்க்கு முன்னால் நின்றால் புகை வரவில்லை, காற்று வந்தது. மேட்டுப்பாளையம் தாண்டும்போது பாக்குத் தோப்பின் ஈர வாசம், பர்லியார் பக்கம் பலாப்பழ வாசம், அதற்கு மேல் போகப் போகச் சில்லென்ற மூடுபனி. பட்டறைக்குப் பக்கத்தில் துணி காயப்போட்டவர்கள் ஏழாவது வளைவுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நனைந்துவிடும். இப்படி ஏறி ஏறி, ஒன்பதாவது வளைவுக்கு வந்ததும் என்ஜின் தணிந்து, கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல முணுமுணுத்து, ஆறு நாற்பதுக்கு நின்றுவிடும். அதற்கு மேல் போகாது. "இன்னும் அஞ்சு வளைவு போனா குன்னூருங்க," என்று குப்புராஜ் தினமும் ஆதங்கப்படுவார். "தைல மரத்து வாசம் ஒரு நாளாச்சும் வருதான்னு பாக்கறேன், வரவே மாட்டேங்குது. ஏன்தான் அங்கயே நிக்குதோ."

சென்னியப்பனுக்கு ஏன் என்று தெரியும். குப்புராஜ் அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் ஒரு ஸ்பானரைத் தேடிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார்.

மின்வெட்டு நாளொன்றில் மயிலாத்தாள்தான் முதலில் தன் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சும்மாதானுங்ண்ணா ஓடுது, ஒரு பெல்ட்ட மாட்டி உடுங்க," என்றாள். மாட்டினார். அன்றைய மாவு பூப்போல வந்தது. மறுநாள் நாலு வீட்டு ஏனம் வரிசையில் இருந்தது, மாசம் முடிவதற்குள் சந்து முழுக்க வந்துவிட்டது, அப்புறம் அதற்கென்று ஒரு முறையும் வந்துவிட்டது: மேட்டுப்பாளையம் வரை நேர் ரோடு, அதனால் அரிசி போட வேண்டும், கல்லாறு தாண்டினால் வளைவுக்கு வளைவு வேகம் குறையும், அப்போது உளுந்தைப் போட்டுவிட்டு ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். புதுசாகக் கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வருகிற பெண்களுக்கு மாமியார்கள் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள் நாலாவது வளைவில் குளித்து, ஆறாவது வளைவில் சாப்பிட உட்கார்ந்தார்கள். சித்திரை வெயிலில் கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து மலைக்காற்று வருகிற குழாய்க்கு எதிரில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மின்சார வாரியத்துக்காரர் கொக்கி போட்டுக் கரண்டு திருடுகிறார்களோ என்று பார்க்க வந்து, ஒயரே இல்லாததைப் பார்த்து, டீ குடித்துவிட்டு ஒரு தூக்கு மாவோடு போனார். புகை சோதிக்கும் ஆள் குழாயில் கருவியை விட்டுப் பார்த்து, எழுத வேண்டிய கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், "நல்ல காத்துங்க," என்று வாயால் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சந்தே அந்த என்ஜினைத் தன் வீட்டு ஆளாக எடுத்துக்கொண்டது, நாகமணியைத் தவிர. அவள் மாவை மின்சார கிரைண்டரில்தான் அரைத்தாள், கரண்டு இல்லாத நாளில் உப்புமா கிண்டினாள். மிக்ஸி ரிப்பேரானால், ஒரு திருகைத் திருகினால் சரியாகிவிடும் என்றாலும், தொடமாட்டாள், கடைக்குக் கொடுத்தனுப்பினாள். மற்றபடி அவள் எதிலும் குறை வைக்கவில்லை. சாப்பாடு போட்டாள், உடம்பு சரியில்லாதபோது பக்கத்தில் உட்கார்ந்தாள், உறவுக்காரர் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவரோடு சேர்ந்து போய் வந்தாள், சிரித்தாள்கூட. திட்டியிருந்தால் சென்னியப்பன் பிழைத்திருப்பார். தப்பு என்னுதுதான் அம்மிணி என்ற மூன்று வார்த்தையை அவர் எத்தனையோ தடவை வாய் வரை கொண்டுவந்திருக்கிறார். அவள் சாதாரணமாக, "ரசம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்பாள், அவரும் ஊற்று என்று சொல்லிவிடுவார். அப்படியே இருபத்திரண்டு வருஷம் போயிற்று. அவருக்கு அறுபத்து மூன்று வயதாகிவிட்டது.

அந்த வருஷம் தை மாசம் ஆனைமலையிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டாராம், மாட்டுக் கொட்டகையில் அவர் வாங்கிய தும்பி ஒன்று நிற்கிறதாம், சீட்டில் கோழி அடை காக்கிறதாம், குஞ்சு பொரித்ததும் வந்து எடுத்துக்கொண்டு போனால் கொட்டகை ஒழியும் என்றாள். சென்னியப்பன் குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெரிய என்ஜினை இறக்கிப் பழைய இரும்புக்குப் போட்டார். முன்மூடியின் மேட்டை அறுத்தெடுத்து, ஃபைபர் ஒட்டி, பழையபடி வழவழவென்று இழைத்தார்.

சந்துக்காரர்களுக்கு விஷயம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாவது நாள் எல்லோருமாகப் பட்டறை வாசலில் கூடினார்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மயிலாத்தாள்தான் பேசினாள்.

"இத எடுத்துக் கார்ல வெக்கப்போறீங்களாங்ண்ணா?"

"ஆமாம் மயிலா."

"அப்ப எங்களுக்கு மாவு?"

சென்னியப்பன் கிரைண்டர் பெல்ட்டைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். மயிலாத்தாள் சமையலறை ஜன்னல் பக்கம் பார்த்தாள், அங்கே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"அக்காவக் கூட்டிட்டுப் போறதுக்குன்னா எடுத்துக்குங்க," என்றாள். "மாவு கடைல வாங்கிக்கறோம். வேற எதுக்காச்சும்னா உடமாட்டோம், சொல்லிட்டேன்."

குப்புராஜுக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. அவர் ஸ்டூலைக் கையில் வைத்துக்கொண்டு, "மேல போனா தைல மர வாசம் வருதான்னு மட்டும் வந்து சொல்லுப்பா," என்றார்.

ஸ்டாண்டிலிருந்து தூக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த இரண்டு நாளும் என்ஜின் அந்தரத்தில் ஆடியபடியே ஒன்பதாவது வளைவு வரை போய்வந்தது. சட்டத்தில் உட்கார வைத்து நாலு போல்ட்டையும் முறுக்கிய மறுநாள் ஐந்தரைக்கு முதல் முறையாகச் சத்தம் வரவில்லை. எல்லா என்ஜினையும்போல அதுவும் பெட்ரோல் கேட்டது, பேட்டரி கேட்டது. சென்னியப்பன் இரண்டையும் வைத்துவிட்டு, சமையலறை வாசலில் போய் நின்றார். ரேடியோவை அணைக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அன்றைக்கு அவள் போடவே இல்லை.

"அம்மிணி, நாளைக்குக் காலைல மலைக்குப் போயிட்டு வரலாமா?"

நாகமணி அடுப்பைத் தணித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வரேனுங்க," என்றாள்.

மறுநாள் ஐந்தரைக்குச் சந்தே வாசலில் நின்றது. அவர் டிரைவர் பக்கக் கதவை அவளுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் காரைச் சுற்றிப் போய் அடுத்த பக்கம் உட்கார்ந்தாள்.

"நீங்களே ஓட்டுங்க," என்றாள். "நான் அன்னிக்கே எறங்கிட்டேன்."

சென்னியப்பன் ஓட்டினார். காரமடை, மேட்டுப்பாளையம், ரயில்வே கேட். சொல்லிவைத்ததுபோல கேட் மூடியிருந்தது, நின்று போனார்கள். கல்லாறு தாண்டி முதல் வளைவில் அவர் ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டார், தும்பி திரும்பியது, அப்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவர் மனசின் ஒரு மூலையில், ஒருவேளை அவள் சொன்னது சரியில்லாமலும் இருக்கலாம், நாற்பத்தெட்டு ஹெச்.பி. மலை ஏறத் திணறியும் இருக்கலாம், அன்றைக்கு ஒரு நாள் ஏதோ அதிர்ஷ்டத்தில் நன்றாகப் போயிருக்கும் என்று ஒரு சின்ன ஆறுதலை ஒளித்து வைத்திருந்தார். வளைவுக்கு வளைவு அந்த ஆறுதல் கழன்று விழுந்தது. வண்டி சண்டை போடவில்லை, கூப்பிட்ட குரலுக்கு வந்தது. நூறு வண்டி என்ன, ஆயிரம் வண்டி போயிருக்கும். ஆயிரம் வண்டி போனால் போகட்டும், போகாவிட்டால் போகட்டும், பக்கத்தில் இருக்கிறவள் அன்றைக்குச் சிரித்த அந்தச் சிரிப்பு வீட்டில் இருந்திருக்கும்.

ஒன்பதாவது வளைவில் என்ஜின் தணிந்தது, முணுமுணுத்தது, நின்றது. சென்னியப்பன் சாவியைத் திருகினார், மறுபடி திருகினார். மேலேயிருந்து காற்று வந்தது. அதில் தைல மர வாசம் இருந்தது.

"விடுங்க," என்றாள் நாகமணி. "அதுக்கு இதுக்கு மேல வழி தெரியாதுங்க. நாம சொல்லித் தரலியே."

இறங்கி, சுவரோரம் நின்றார்கள். கீழே மேட்டுப்பாளையம் பனியில் பாதி தெரிந்தது. சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல், பள்ளத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"தப்பு என்னுதுதான் அம்மிணி. நாப்பத்தெட்டுன்னு சொல்ல வெக்கமாப் போச்சு."

"தெரியுமுங்க. காப்பி கலந்துட்டு இருந்தனே, கேட்டுது." அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். பிறகு, "மேல போறதுக்குன்னு ஒரு ஜெட் செஞ்சு வெச்சிருந்தனுங்க," என்றாள். "பித்தளைல, இத்தனூண்டு, பெட்ரோல் போற ஓட்டையக் கொஞ்சம் சின்னதா வெச்சு. கார்புரேட்டர்ல அத மாத்திப் போட்டா மெலிசுக் காத்துலயும் மூச்சு வாங்காம ஏறும். காங்கேயத்துல இருக்கறப்ப, எங்க மாமனோட லேத்துல போயி கடைஞ்சுட்டு வந்தேன்."

சென்னியப்பன் திரும்பினார். சீருக்குப் போன நாலு நாளில், அவர் இங்கே என்ஜினை இறக்கிக்கொண்டிருந்தபோது, அவள் அங்கே அந்த என்ஜினுக்கு ஜெட் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

"எங்க அது? இப்ப போட்டாக்கூட மேல போயிரலாமே."

"தெரியலீங்க. ரொம்ப நாளைக்கு முந்தானைல முடிஞ்சு வெச்சிருந்தேன். நீங்க வந்து கேட்டா எடுத்துத் தரலாம்னுதான்." அவள் குரலில் கோபம் இல்லை, தொலைந்த ஒரு கொண்டை ஊசியைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசினாள். "எட்டு ஒம்பது வருசம் இருந்திருக்கும். ஒரு நாள் சேலை தொவைக்கறப்ப அவுந்து எங்கயோ போயிருச்சு. தேடுனேன். அப்பறம் உட்டுட்டேன்."

எட்டு ஒன்பது வருஷம் அவள் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்ட ஒவ்வொரு வேளையும் அது அவள் முந்தானையில் இருந்திருக்கிறது. மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் முடிச்சை அவிழ்த்திருப்பாள். சென்னியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டி மேலே போயிற்று.

நாகமணி அவர் தோளைத் தொட்டாள். "எந்திரிங்க. அக்கட்டால போய் உக்காருங்க, எறக்கத்துல நான் ஓட்டறேன்."

வண்டியைக் கையால் தள்ளித் திருப்பினார்கள், இரண்டு கிழங்கள் தள்ளும் அளவுக்குத்தான் அதன் கனம். அவள் இரண்டாவது கியரில் போட்டு இறக்கினாள். என்ஜின் எரியவில்லை, சக்கரம் சுற்றிய சுற்றுக்கு அதுவும் உள்ளே சும்மா சுற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஹெச்.பி.கூட இல்லாமல், சத்தமே இல்லாமல், ஒன்பது வளைவையும் தும்பி ஒவ்வொன்றாகத் திரும்பித் திரும்பி இறங்கியது, அத்தனை அழகாக ஒரு வண்டி திரும்பிச் சென்னியப்பன் அதற்கு முன் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். கல்லாறில் ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி ஊர்வரை இழுத்துக்கொண்டு வந்து விட்டார்.

குப்புராஜ் ஸ்டூலைப் போட்டுக் காத்திருந்தார். "வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுங்க," என்றார் சென்னியப்பன். "வாசம் மட்டும்."

அதன் பிறகு அந்த என்ஜின் தானாக ஓடவில்லை. மறுநாள் காலை பழக்கத்தில் ஏனத்தோடு வந்த நாலைந்து பெண்கள் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போன காலடிச் சத்தம் சென்னியப்பனுக்குக் கேட்டது. அவர் ஐந்தரைக்கே விழித்துவிட்டிருந்தார். படுத்தபடியே மனசுக்குள் காரமடை, ரயில்வே கேட், கல்லாறு, முதல் வளைவு, இரண்டாவது வளைவு என்று போய்க்கொண்டே இருந்தார். ஒன்பதாவது வளைவு வந்தது. அதற்கு மேல் ரோடு எப்படிப் போகும், அந்தத் தும்பி அதில் எப்படித் திரும்பியிருக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. கேட்கலாம் என்று பக்கத்தில் திரும்பினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஐந்தரை தாண்டியும் நாகமணி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் எழுப்பவில்லை.